'ஷினேட்' - ஒரு பெயர், மூன்று பெண்கள், ஒரு கிழிந்த புகைப்படம்!

ஷான் கானரியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 'சீன்' என்றுதான் படிக்கத் தோன்றும். அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் இ, ஐ எழுத்துகள் வந்தால், ஒலி 'ஷ' ஆகிவிடும். அப்படித்தான் 'சினியாட்' என்று பலரும் தவறாகப் படிக்கும் பெயர், உண்மையில் 'ஷினேட்'. நடுவில் வரும் இ எழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு இருக்கும். அதன் பெயர் 'ஃபாடா'. 'நீளமானது' என்று பொருள். நம் குறில், நெடில் கணக்குதான்!

ஜேன், ஜேனட் பெயர்களின் ஐரிஷ் வடிவம் இது. அதன் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கிறது.

டீச்சரைக் காதலித்த மாணவர்

1878-ல் பிறந்த ஜேன் ஃபிளானகன், ஒரு பள்ளி ஆசிரியை. அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலத்தின் ஆதிக்கத்தில் ஐரிஷ் மொழி தேய்ந்துகொண்டிருந்தது. அதை மீட்க 1893-ல் 'கேலிக் லீக்' இயக்கம் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்து ஐரிஷ் கற்ற ஜேன், தன் பெயரையும் 'ஷினேட்' என்று மாற்றிக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

அவரிடம் படிக்க வந்த ஒரு கணித ஆசிரியர், டீச்சரையே காதலித்து 1910-ல் திருமணம் செய்துகொண்டார். எட்வர்டு என்றிருந்த அவரும் 'ஏமன்' ஆனார். அவர்தான், பிற்காலத்தில் அயர்லாந்தின் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் இருந்த ஏமன் டி வலேரா. கணவர் சிறையிலும் வெளிநாட்டிலும் இருந்த ஆண்டுகளில், குடும்பத்தைத் தாங்கியவர் ஷினேட். சிறுவர்களுக்காக நிறைய கதைகளும் எழுதினார்.

நடிகை ஷினேட்

இந்தப் பெயரில் ஒரு நடிகையும் உண்டு. 1948-ல் பிறந்த ஷினேட் கியூசக், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் வாங்கியவர். 'வி ஃபார் வெண்டெட்டா' படத்திலும் நடித்திருக்கிறார். இவர் கணவர் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ்... 'லயன் கிங்' படத்தின் வில்லன் ஸ்காருக்குக் குரல் கொடுத்தவர்!

பிரசவம் பார்த்த டாக்டரின் அம்மா

1966 டிசம்பர் 8. டப்ளினில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த டாக்டர், டி வலேரா தம்பதியின் மகன். அவருடைய அம்மாவின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் ஷினேட் ஓ'கானர்!

1990-ல் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாடல் அவரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. மொட்டைத்தலை, நேராகப் பார்க்கும் கண்கள், வழியும் கண்ணீர்... அந்த வீடியோவை மறக்க முடியாது.

1992 அக்டோபர் 3 அன்று, அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' டி.வி நிகழ்ச்சியில் பாடி முடித்ததும், போப் இரண்டாம் ஜான் பாலின் புகைப்படத்தைக் கிழித்தார். அது அவருடைய அம்மாவின் படுக்கையறைச் சுவரில் இருந்த படம். திருச்சபைக்குள் குழந்தைகள்மீது நடந்த வன்முறைக்கு எதிரான கோபம் அது. அரங்கில் ஒரு கைதட்டல் இல்லை.

நியூயார்க்கில் அவரின் இசைத்தட்டுகளை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். இரண்டே வாரத்தில் நடந்த பாப் டிலன் விழாவில், மேடையேறியதும் கூச்சலிட்டார்கள். பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் வந்து தைரியம் சொன்னார். ஷினேட் மேடையைவிட்டு ஓடவில்லை. இசைக்குழுவை நிறுத்தச் சொல்லிவிட்டு, டி.வி-யில் பாடிய அதே பாப் மார்லி பாடலை மீண்டும் பாடினார்.

17 ஆண்டுகள் கழித்து, 2009-ல் அயர்லாந்தின் விசாரணை ஆணைய அறிக்கை வந்தது. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளிலும் இல்லங்களிலும் குழந்தைகள் பல பத்தாண்டுகளாக வதைக்கப்பட்டதை அது பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு, போப் பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்து மக்களுக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார்.

2018-ல் இஸ்லாத்தைத் தழுவிய ஷினேட், 'ஷுஹதா சதாகத்' என்ற பெயரை ஏற்றார். மேடைக்கு மட்டும் பழைய பெயர் தொடர்ந்தது. 2023 ஜூலை 26 அன்று, 56 வயதில் லண்டனில் காலமானார்.

ஆகஸ்ட் 8 அன்று, அவர் வாழ்ந்த பிரே நகரில் இறுதி ஊர்வலம். அயர்லாந்து ஜனாதிபதி அஞ்சலி செலுத்த வந்தார். கடற்கரைச் சாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். அன்று கைதட்டாத அரங்குக்கும் சேர்த்து, இந்தக் கூட்டம் கைதட்டி வழியனுப்பியது!