பரிந்துரையும் வெளியேற்றமும்: நோயாளர் பராமரிப்புச் சொற்களின் வரையறை

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அம்மரபு உடற்கூறு, நோய், மருந்து ஆகியவற்றின் பெயர்களை வளப்படுத்தியது. நோயாளர் பராமரிப்பின் படிநிலைகளைச் சுட்டும் சொற்களோ இன்றும் தெளிவான வரையறையை வேண்டி நிற்கின்றன.

'பரிந்துரை' என்னும் சொல் மருந்து எழுதித் தருதலையும், வேறு மருத்துவமனைக்கு அனுப்புதலையும் ஒருங்கே குறிக்கிறது. மூலக்குளத்து நோயாளர் ஒருவர் 'பரிந்துரைச் சீட்டு' பெற்றால், அவர் செல்லவேண்டியது மருந்துக்கடைக்கா, கோரிமேட்டு ஜிப்மருக்கா என்பது அச்சொல்லால் விளங்காது. 'வெளியேற்றம்' என்பதும் புண்ணில் வடியும் நீர்மத்திற்கும், நோயாளர் வீடு திரும்புதற்கும் பொதுவாகிறது. ஆங்கிலச் சொல்லின் இருபொருள் தமிழிலும் படிந்ததன் விளைவு இது.

ஆகவே, செய்பவர் யார், செயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்த பொறுப்பு யாருடையது என்னும் மூன்று வினாக்களால் இச்சொற்களை வரையறுத்தல் தகும். அவ்வாறு நோக்கின், 'மருந்துச்சீட்டு', 'மேல்சிகிச்சைக்கு அனுப்புதல்', 'வீட்டுக்கு அனுப்புதல்' ஆகிய மக்கள் வழக்குகளே பொருள்மயக்கம் அற்றவை. சான்றாக, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் என்பது சீட்டு எழுதியவுடன் முடிவதன்று. ஏற்கும் மருத்துவமனை நோயாளரைப் பதிவுசெய்யும்போதே முடிவது எனக் கொள்ளலாம். அதுவரை பொறுப்பு அனுப்பியவருடையது என்பதை அவ்வரையறை உறுதிசெய்யும்.