டெல்பித் துதிப்பாக்கள்: ஓதுதலில் மாத்திரையும் எடுத்தலோசையும்

கிரேக்க நாட்டு டெல்பியில் 1893ஆம் ஆண்டு பிரெஞ்சு அகழாய்வாளர், ஏதென்சு நகரத்தார் எழுப்பிய கருவூலத்தின் சுவர்க்கற்களில் அப்பல்லோவைப் போற்றும் இரு துதிப்பாக்களைக் கண்டறிந்தனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகிய இவற்றில் பாடலடிகளின் மேல் இசைக்குறிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தகைய பாக்களை இன்றைய அவையில் ஓதுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு அக்குறிகள் விடை தருகின்றன.

பண்டைக் கிரேக்கச் செய்யுளின் சந்தம் நீண்ட அசை, குறுகிய அசை ஆகியவற்றின் அடுக்கால் அமைவது. இப்பாக்களில் ஐந்து மாத்திரைச் சீர் பெரிதும் பயில்கிறது. சொல்லின் எடுத்தலோசையோ சந்தத்தைச் சாராமல் குரலின் ஏற்றமாக ஒலித்தது. எடுத்தல் பெறும் அசை, அச்சொல்லின் பிற அசைகளினும் தாழ்ந்த சுரத்தில் பெரும்பாலும் அமைவதில்லை என்பதைக் கல்வெட்டின் இசைக்குறிகள் காட்டுகின்றன. பிற்காலக் கிரேக்கத்தில் உயிர்களின் நெடில், குறில் வேறுபாடு மறைந்தது. குரலேற்றமும் அழுத்தமாக மாறியது. எனவே இக்கால உச்சரிப்பில் ஓதினால் பொருள் நிற்கும், சந்தம் நில்லாது.

1894ஆம் ஆண்டு பாரிசு சோர்போனில் முதற்பா, காப்ரியேல் போரே அமைத்த ஒத்திசையுடன் பாடப்பெற்றது. அவ்வொத்திசை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவினது; பண்டைக் கிரேக்கத்தினது அன்று.

வழிபாட்டுக் களம் இன்று இல்லை. ஆயினும் பலிபீடத் தீ, நறும்புகை, துளைக்கருவியின் ஒலி, நரம்புக்கருவியின் ஒலி ஆகியவற்றை முதற்பாவே விரித்துரைக்கிறது. சடங்கு பாட்டின் பொருளாகவே அமைந்திருத்தலின், நம்பிக்கை இல்லாத செவிக்கும் அது எட்டும். மாத்திரை பிழையாது, எடுத்தலோசை கெடாது ஓதுதலே அதற்கு வேண்டுவது.