தடுத்தவருக்குப் பதக்கம் உண்டா?

முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், தனிவீரருக்குரிய தலைசிறந்த விருது பிரௌன்லோ பதக்கம். 1924-ஆம் ஆண்டு தோன்றிய இவ்விருதுக்கு, லீக் ஆட்டம் ஒவ்வொன்றின் முடிவிலும் கள நடுவர்களே கூடிச் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என வாக்களிக்கின்றனர்.

முறையில் பழுதில்லை. ஆயினும் நடுவரின் கண் பந்தைத் தொடர்கிறது. பந்தோ நடுக்கள வீரரிடமே மிகுதியாகப் புழங்குகிறது. எதிரணியின் கோல் வீரரை நிழல்போல் ஒட்டி நின்று, அவர் பிடிக்கவிருந்த பந்தைக் குத்தித் தள்ளுபவர் பின்வரிசை வீரர். அவர் உழைப்பின் பயன், நிகழாமற்போன கோல்களே. நிகழாததை யார் எண்ணுவர்? வண்டிகள் பழுதின்றிச் சென்ற இரவில் பாயிண்ட்ஸ்மேனின் பெயரை எவர் கேட்கின்றனர்?

1951-இல் பெர்னி ஸ்மித், 1985-இல் பிராட் ஹார்டி, 1993-இல் கேவின் வங்கனீன் எனப் பின்வரிசையினர் சிலர் இப்பதக்கம் பெற்றதுண்டு. ஆனால், 2014 முதல் 2018 வரை ஐந்தாண்டும் அகில ஆஸ்திரேலிய அணிக்குத் தேர்வான ரிச்மண்ட் வீரர் அலெக்ஸ் ரான்ஸுக்கு இஃது ஒருமுறையும் வாய்க்கவில்லை.

அகில ஆஸ்திரேலிய அணியில் பின்வரிசைக்கென்றே இடங்கள் உள்ளன. ஆகவே அங்கே நியாயம் கிடைக்கிறது. பருவத்தில் மிகுதியான கோல் அடித்தவருக்குக் கோல்மன் பதக்கம் இருக்கிறது. ஒரு கோலுக்கு 6 புள்ளி. அதை அடித்தவர் அணிக்கு ஈட்டித் தந்ததும், தடுத்தவர் அணிக்குக் காத்துத் தந்ததும் அதே 6 புள்ளிதான். எனவே, கோல்மன் பதக்கத்திற்கு ஈடான புகழுடைய பதக்கம் தடுப்பவருக்கும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஈட்டியவரைப் போற்றும் சபை, காத்தவரையும் எழுந்து நின்று போற்றட்டும்.