பார்சலோடு வரும் சாப்ஸ்டிக்கைத் தூக்கிப் போடுறீங்களா? கிச்சனில் இத்தனை வேலைக்கு உதவும்!

நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ் ஆர்டர் செய்தால் பல கடைகளில் பேப்பர் உறையில் சுற்றிய சாப்ஸ்டிக்கும் சேர்ந்தே வருகிறது. பல வீடுகளில் அந்த உறையை யாரும் பிரிப்பதுகூட இல்லை. ஸ்பூனிலோ கையிலோ சாப்பிட்டு முடித்ததும் குச்சி நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். இல்லையென்றால் டிராயரில் கிடந்து தூசி பிடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குச்சியே மிச்சத்தில் இருந்து பிறந்ததுதான். ஜப்பானில் இதற்குப் பெயர் 'வரிபாஷி'. நாரா பகுதியில் உள்ள யோஷினோவில், சாகே மதுவுக்கான பீப்பாய் செய்யும்போது மிஞ்சிய சுகி மரத் துண்டுகளை வீணாக்காமல் குச்சியாகச் சீவி விற்றார்கள். பிறகு கதையே மாறிவிட்டது. இதற்காகவே மரம் வெட்டும் நிலை வந்ததால், 2006 ஏப்ரலில் சீனா ஒருமுறை பயன்படுத்தும் மரச் சாப்ஸ்டிக்குகளுக்கு 5 சதவீத வரி போட்டது. கனடாவின் வான்கூவரில் 2016-ல் தொடங்கப்பட்ட 'சாப்வேல்யூ' என்ற நிறுவனம், ஹோட்டல்களில் பயன்படுத்திய குச்சிகளைச் சேகரித்து, பிசின் சேர்த்துச் சூட்டில் அழுத்தி, மேஜையும் அலமாரிப் பலகையும் செய்கிறது.

வீட்டில் அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை. அடுப்படியிலேயே இதற்கு வேலை இருக்கிறது.

எண்ணெய் காய்ந்துவிட்டதா?

இதுதான் இருப்பதிலேயே உருப்படியான பயன். பஜ்ஜி, வடை போடும் முன் பலரும் ஒரு துளி மாவை எண்ணெயில் விட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, நன்றாகக் காய்ந்த சாப்ஸ்டிக்கின் நுனியை எண்ணெயில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் சூடாகவில்லை என்றால் ஒன்றுமே நடக்காது. குச்சியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் கிளம்பினால் பொரிக்கலாம். படபடவென்று வேகமாகப் பொங்கினால் சூடு அதிகம், தீயைக் குறைக்க வேண்டும்.

காரணம் எளிது. மரத்திலும் மூங்கிலிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதற்குள் இருக்கும் காற்றும் துளி ஈரமும் சூட்டில் வெளியேறுவதுதான் அந்தக் குமிழி. மாவுத் துளி போல இது எண்ணெயில் தங்கிக் கருகாது என்பதால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கழுவிய ஈரத்தோடு குச்சியை விட்டால் எண்ணெய் தெறித்துவிடும். பிளாஸ்டிக் சாப்ஸ்டிக் பக்கமே போகாதீங்க, உருகிவிடும்.

சப்பாத்தி அடியில் வியர்க்காமல் இருக்க...

ஹாட்பாக்ஸில் அடுக்கும் சப்பாத்தியில் கடைசி ஒன்று மட்டும் நமநமத்துப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நீராவி தண்ணீராகி அடியில் தேங்குவதே காரணம். நான்கைந்து குச்சிகளை அளவாக உடைத்து அடியில் பரப்பி, மேலே ஒரு துணி விரித்துச் சப்பாத்தியை வைத்தால் அந்த ஈரம் சப்பாத்தியைத் தொடாது. சூடான கேக் டின்னை இறக்கி வைக்கவும் இதே வழிதான். அடியில் காற்று போவதால் சீக்கிரம் ஆறும்.

உருளைக்கிழங்கை முழுதாகத் துண்டாக்காமல் விசிறி போலக் கீறி வறுக்க வேண்டுமா? கிழங்கின் இரு பக்கமும் ஒவ்வொரு குச்சியை வைத்து நறுக்குங்கள். கத்தி குச்சியில் மோதி நின்றுவிடும், அடிப்பகுதி வெட்டுப்படாது.

பால் பொங்காமல் இருக்கப் பாத்திரத்தின் குறுக்கே குச்சி வைக்கும் வித்தை ஓரளவுதான் பலிக்கும். மேலே வரும் நுரை, காய்ந்த குச்சியில் பட்டு உடையும். குச்சியும் சூடாகி நனைந்துவிட்டால் அவ்வளவுதான். இதை நம்பி சீரியல் பார்க்கப் போய்விடக் கூடாது!

டோஸ்டரில் சிக்கிய பிரெட்டை எடுக்கவும், மிக்ஸி பிளேடுக்கு அடியில் ஒட்டிய சட்னியை வழிக்கவும் குச்சி சரியான ஆள். இரண்டுக்குமே முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மரம்தானே, ஷாக் அடிக்காது என்ற அலட்சியம் வேண்டாம். ஈரமான மரத்தில் மின்சாரம் பாயும்.

எதைச் செய்யக் கூடாது?

வீட்டில் தினமும் பயன்படுத்தும் சாப்ஸ்டிக்குகளுக்கு அரக்கு போன்ற பூச்சு இருக்கும். ஒருமுறை பயன்படுத்தும் குச்சிக்குப் பெரும்பாலும் அது கிடையாது. தண்ணீர், எண்ணெய், மசாலா எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் உணவில் படும் வேலைக்கு உறை பிரிக்காத புதுக் குச்சியை வைத்துக்கொள்வதே நல்லது. வாயில் வைத்துச் சாப்பிட்ட குச்சியைச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஒதுக்கிவிடலாம். பச்சைக் கறி, மீனைத் தொட்ட குச்சி என்றால் யோசிக்காமல் குப்பைக்குத்தான்.

நிறம் வெளுக்கவும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் சில இடங்களில் குச்சிகளுக்குக் கந்தகப் புகை காட்டுவதுண்டு. உறையைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் புளித்த நெடி அடித்தால் சமையலுக்கு வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு இந்த வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளாது.

பயன்படுத்திய குச்சியை ஊறப் போடாமல் உடனே வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு டிராயரில் மூடி வைத்தால் பூஞ்சை வந்துவிடும். கரும்புள்ளி, விரிசல், சிலும்பு எது தெரிந்தாலும் கிச்சனில் இருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்படி வெளியே போகும் குச்சியையும் மாடித் தோட்டத்தில் தக்காளி, மிளகாய் நாற்றுக்கு முட்டுக் கொடுக்கலாம். தொட்டி மண்ணில் ஆழமாகக் குத்தி எடுத்துப் பார்த்தால், ஈரமண் ஒட்டியிருக்கும் அன்று தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.