இரண்டு இதயம் கொண்ட மீன்குஞ்சு

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'ஜீப்ரா' என்று கேட்டால் ஒரு நீலவரி மீனை எடுத்துத் தருவார்கள். விரல் நீளம்கூட இராது. கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் ஓடைகளும் வயல்நீரும் அதன் பூர்வீகம். 1822இல் வெளியான கங்கை மீன்கள் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் அதை முதன்முதலில் விவரித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆய்வுக்கூட மீனாக்கினார்.

காரணம் அதன் கரு. தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிறது. ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும்.

இந்த இதயம் உருவாகும் விதத்தைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்களில் ஒருவர் பெல்ஜியத்தில் பிறந்த டிடியே ஸ்டைனியே. இதயம் ஓரிடத்தில் முளைத்துப் பெரிதாவதில்லை. கருவின் இடப்புறமும் வலப்புறமும் தனித்தனியே தோன்றும் செல்கள் நடுக்கோட்டுக்கு நகர்ந்து, ஒன்றுகூடி, ஒரு குழாயாகின்றன. மனிதக் கருவிலும் அப்படியே. 'மைல்ஸ் அபார்ட்' என்ற பிறழ்வுள்ள கருவில் அந்தச் சந்திப்பு நடப்பதில்லை; பக்கத்துக்கொன்றாக இரண்டு இதயங்கள் துடிக்கின்றன! 2000இல் அவருடைய குழு அதற்குப் பொறுப்பான மரபணுவைக் கண்டது. பிழை இதயச் செல்களில் இல்லை, அவை கடந்து செல்லும் சூழலில் இருந்தது. பிழையுள்ள கருவின் செல்களை நல்ல கருவுக்குள் வைத்தால் ஒழுங்காக நகர்ந்தன. எனக்கு இந்த ஆய்வின் ஆக அழகான பகுதி இதுதான்.

இரத்தம் ஓடாவிட்டாலும் இந்தக் கரு சில நாள் உயிர்வாழும். நீரிலுள்ள ஆக்சிஜன் தோல் வழியாகவே போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. பழுதுபட்ட இதயத்தை நிதானமாகப் பார்க்க முடிவது அதனால்தான்.

மீன் நம்முடையது, ஆய்வு மட்டும் வெளிநாட்டில் என்ற நிலை மாறியிருக்கிறது. டெல்லியின் மரபணுத்தொகுப்பியல், ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் (ஐ.ஜி.ஐ.பி.) ஸ்ரீதர் சிவசுப்பு, வினோத் ஸ்காரியா குழுவினர் அசாமின் காட்டு ஜீப்ரா மீனின் மரபணுத்தொகுப்பை வாசித்து 2009இல் அறிவித்தார்கள்.

தென்னேரி போன்ற சிற்றூரின் பள்ளியிலும் இந்த மீன்கருவின் இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். சாதாரண நுண்ணோக்கி போதும். ஆணையும் பெண்ணையும் இரவில் தொட்டியில் விடுங்கள். அடியில் வலை கட்டுங்கள், இல்லையேல் முட்டைகளைத் தின்றுவிடும். விடிந்ததும் முட்டையிடும். நம்மூர் வெப்பமே அவற்றுக்குப் போதும். முட்டையிட்ட மறுநாள் காலையில் மாணவர்களை நுண்ணோக்கி முன் வரிசையில் நிறுத்துங்கள்.