சிறு பணத்தில் ஒரு சீட்டுக்கட்டு

'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டாட்டத்தை 1993-இல் அமெரிக்காவில் வெளிவரச் செய்தவர் கணித அறிஞர் ரிச்சர்டு கார்ஃபீல்டு. ஆடுவோர் தத்தம் கட்டைத் தாமே அமைத்து வரவேண்டும். குறைந்தது 60 சீட்டுகள். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடையவை நான்குக்கு மேல் கூடா. அப்படியாயின் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கே வெற்றியா?

பணம் கரைவது பெரும்பாலும் மூடிய பொட்டலத்தில்தான். முதல் வெளியீட்டில் பொட்டலத்துக்கு 15 சீட்டுகள். அவற்றுள் அரியது ஒன்றே. எது வரும் என்பதைப் பிரிக்குமுன் யார் அறிவார்? வேண்டிய ஒரு சீட்டுக்காகப் பொட்டலம் பொட்டலமாகப் பிரிப்பது, என் எண்ணத்தில், லாட்டரிச் சீட்டு வாங்குவதேயாகும். முதலில் பட்டியல் எழுதி, பின்னர் தனித்தனிச் சீட்டாக வாங்குவதே விவேகம்.

'பாப்பர்' என்றொரு ஆட்டமுறையும் உண்டு. பெயரே ஏழையைக் குறிப்பது. 'சாதாரணம்' என்ற தரத்தில் அச்சானவற்றுக்கு மட்டுமே அதில் இடம். அச்சுச் சீட்டுகளுக்கும் அதனை 2019-இல் நிறுவனம் முறைப்படி ஏற்றது. அதில் செந்நிறக் கட்டு எளியோர்க்கு ஏற்றது. எதிராளியின் உயிர்ப்புள்ளி 20. 'லைட்னிங் போல்ட்' என்னும் சீட்டு ஒரே நிலத்தின் ஆற்றலால் 3 புள்ளிகளைப் பறித்துவிடும். ஒரே நிறமாதலால், பல நிறம் தரும் விலையுயர்ந்த நிலங்கள் தேவையில்லை. மலிவான மலைச் சீட்டுகளே போதும். ஆட்டம் நீண்டால் மட்டும் கை வெறுமையாகிவிடும்.

வாங்குமுன், சீட்டுகளின் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதி, வீட்டில் பத்து முறையேனும் ஆடிப் பார்க்கட்டும். போட்டியில் அத்தாள்கள் செல்லா. எந்தச் சீட்டு வீண் என்பதை அவை செலவின்றிக் காட்டிவிடும்.