சுழலும் உருளையும் இலத்திரனின் ஏற்றமும்

பாய்பொருளின் ஒரு படை அடுத்த படையை இழுத்துப் பிடிக்கும் இயல்பே பிசுக்குமை எனப்படும். தேனில் அது வெளிப்படை; வளியிலோ நுண்கருவி கொண்டே அறியத்தக்கது. இதற்கு 1890 இல் பிரெஞ்சு அறிஞர் மொறிஸ் கூவெற் ஒரு வழி காட்டினார். பொது அச்சுடைய இரு உருளைகளுள் புறத்தேயுள்ளது சீராகச் சுழலும். இடையேயுள்ள பாய்பொருள், கம்பியில் தொங்கும் அகவுருளையை உடன்திருப்ப முயலும். கம்பி முறுகி எதிர்க்கும். இரண்டும் சமனாகும் நிலையில் முறுகிய கோணத்தை அளந்தால் பிசுக்குமை பெறப்படும். அகவுருளையைச் சுழற்றினாலென்ன எனலாம்; அவ்வாறு செய்யின், குறித்தவொரு வேகத்துக்கு மேல் பாய்ச்சல் சுழிகளாய்க் குலையும் என்பதை 1923 இல் ஜி. ஐ. ரெயிலர் நிறுவினார்.

இவ்வளவையின் அருமையை மில்லிக்கனின் எண்ணெய்த்துளிப் பரிசோதனை உணர்த்தும். துளி வளியில் இயங்கும் வேகத்திலிருந்தே அவர் இலத்திரனின் ஏற்றத்தைக் கணித்தார். ஆகவே வளியின் பிசுக்குமை முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். சுழலுருளைக் கருவி தந்ததும் 1917 இல் அவர் நம்பிக் கையாண்டதுமான பெறுமானம், மெய்யானதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 குறைவாயிருந்தது. ஏற்றமோ பிசுக்குமையின் ஒன்றரையாம் அடுக்கோடு மாறுவது; எனவே வழு நூற்றுக்கு 0.6 ஆயிற்று. பளிங்குகளில் எக்ஸ் கதிர் கொண்டு பெற்ற ஏற்றம் இதனோடு முரண்பட்ட பின்னரே ஐயம் எழுந்தது. 1930களில் வளியின் பிசுக்குமை மீண்டும் அளக்கப்பட்டது. அதற்கும் சுழலுருளையே பயன்பட்டது. புதிய பெறுமானத்தை இட்டதும் மில்லிக்கனின் துளிகள் எக்ஸ் கதிர் முடிவோடு பெரும்பாலும் இணங்கின.